கந்தோருக்கும் கேட்பார் உண்டு



நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் கடிதப் பெட்டிகள் கீழ்த்தளத்தில் லிப்ற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பின்னேர ஷிவ்ற் முடிந்து நான் வந்து இறங்கும்போது இரவு பன்னிரண்டரை மணி ஆகிவிடும். அந்த நேரத்திலும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் மேலே போக மாட்டேன். கடைக்காரரின் மலிவு விற்பனைத் தாள்களுக்கு நடுவே கொடி போட்ட அரசாங்கக் கடித உறை ஒன்று கிடந்தால் கை குளிர்ந்துவிடும். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருடம். இன்னும் அந்தப் பயம் போகவில்லை. புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிலர் கடிதத்தை உடைக்காமலே அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. ஊரில் சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெசினில் நிற்கிறேன். ஆனால் ஒரு முறை இந்த அரசாங்கக் கந்தோர் ஒன்றோடு இழுபட்டு, அழுது, பிறகு எழும்பி நின்ற அனுபவம் எனக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் கதை

நான் கனடாவுக்கு வந்தது 2011 இல். அகதி அந்தஸ்து கிடைத்து, நிரந்தர வதிவுரிமையும் கிடைத்தது. நான் ஊருக்குப் போக முடியாது என்பதால் 2017 இல் திருச்சியில் எங்கள் கலியாணம் நடந்தது. மனைவி திரும்பி யாழ்ப்பாணம் போனார். நான் திரும்பி மெசினுக்கு வந்தேன். அவரை அழைப்பதற்கான விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

இடையில் வெலெஸ்லி வீதிப் பக்கம் இருந்த அறையை விட்டு ஸ்காபரோவுக்கு மாறினேன். கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சங்கீதம் கேட்டுக்கொண்டு நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புதிய முகவரியைச் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டதாகச் சொன்னார். எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் கேட்ட பத்திரங்களை நீங்கள் அனுப்பவில்லை, ஆகவே உங்கள் கோப்பை மூடிவிட்டோம் என்று இருந்தது. எந்தப் பத்திரம்? யார் கேட்டது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வேலைத்தளத்தில் சாப்பாட்டு நேரத்தில் கடிதத்தைக் காட்டினேன். ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள்.

"தம்பி, நீர் ரெலிபோனிலை குரலை உயர்த்திக் கதைச்சிருப்பீர். அதுதான் பழிவாங்கிப் போட்டாங்கள்" என்றார் ஒருவர்.

"சீ, அதில்லை. ஒட்டாவாவிலை ஆள் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். ஒரு எண்ணூறு குடுத்தால் உள்ளுக்குள்ளை கதைச்சு எடுத்துத் தருவார்" என்றார் இன்னொரு அண்ணை. அவரும் என் நன்மைக்காகத்தான் சொன்னார்.

நான் எண்ணூறு டொலரைக் கொடுத்தேன். இரண்டு கிழமை ஓவர்டைம் காசு அது. வாங்கியவர் பிறகு ரெலிபோனை எடுக்கவேயில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்தக் காசை என்னிடமிருந்து எடுத்தது அந்த மனிதன் மட்டுமல்ல. ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு நம்பிக்கையும் சேர்ந்துதான் எடுத்தது. கந்தோர் என்றால் ஆளைப் பிடிக்க வேண்டும், ஆள் இல்லாதவனுக்கு அலுவல் நடக்காது என்ற நம்பிக்கை.

ஊரில் ஏன் அப்படி ஆனது?

என்னுடைய அம்மப்பா அந்தக் காலத்துக் கிளாக்கர். கச்சேரியில் வேலை பார்த்தவர். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு கோடீஸ்வரன் வழக்கைப் பற்றிச் சொல்லுவார். சின்ன வயதில் அது எனக்கு ஏறவில்லை. இங்கே வந்த பிறகுதான் அதன் அருமை விளங்கியது.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அரசாங்க ஊழியர் சிங்களத்தில் தேர்ச்சி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று 1961 இல் திறைசேரி சுற்றறிக்கை விட்டது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன் என்ற தமிழருக்கு 1962 இல் வரவேண்டிய இன்கிரிமென்ற் நிறுத்தப்பட்டது. அவர் பேசாமல் இருக்கவில்லை. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிறுபான்மையினரைப் பாகுபடுத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சொல்வதால் அந்த மொழிச் சட்டமே செல்லாது என்றார் நீதிபதி.

அரசாங்கம் அப்பீல் செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிப் பிரச்சினைக்குள் போகாமல், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடவே முடியாது என்று முடித்துவிட்டது. கோடீஸ்வரன் லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனார். 1969 டிசெம்பரில் அது அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஊழியன் வழக்குப் போடலாம், மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதை இலங்கை நீதிமன்றமே திரும்ப விசாரிக்கட்டும் என்று அனுப்பியது.

பிறகு நடந்ததுதான் பாடம். 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழி மூடப்பட்டது. 1972 இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவு இல்லாமல் போனது. அதே அரசியலமைப்பு சுயாதீனமாக இருந்த பொதுச்சேவை ஆணைக்குழுவையும் எடுத்துவிட்டு, அரசாங்க உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாவற்றையும் மந்திரிசபையின் கையில் கொடுத்தது.

இதன் அர்த்தம் என்ன? கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டு மந்திரியின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். நாங்கள் மந்திரிக்கு வேண்டியவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினோம். விதானையாரில் இருந்து கொழும்புக் கந்தோர் வரை ஆளைப் பிடித்து அலுவல் பார்ப்பது வழக்கமானது. ஆணைக்குழுக்களைத் திரும்பவும் சுயாதீனமாக்க 2001 இல் 17 ஆவது திருத்தம் வந்தது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதை இல்லாமல் செய்தது. 2015 இல் 19 ஆவது திருத்தம் ஓரளவு கொண்டுவந்தது, 2020 இல் 20 ஆவது திருத்தம் பறித்தது, 2022 இல் 21 ஆவது திருத்தம் திரும்பவும் கொஞ்சம் கொடுத்தது. கட்டுவதும் இடிப்பதுமாக இருபது வருடம் போனது.

கனடா மட்டும் என்ன, பிறக்கும்போதே நேர்மையோ?

இல்லை. இங்கேயும் ஒரு காலத்தில் தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசாங்க வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்தது. தபாற்கந்தோர் வேலையும் துறைமுக வேலையும் கட்சிக்கு உழைத்தவனுக்குத்தான். இது கூடாது என்று கூச்சல் எழுந்து, 1908 இல் சிவில் சேவை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1918 இல் தகுதி பார்த்துத்தான் வேலை என்பது சமஷ்டிச் சேவை முழுவதற்கும் விரிந்தது. அதற்கும் முன்னதாக, 1878 இல், அரசாங்கம் செலவழிக்கும் காசைச் சரிபார்க்கச் சுயாதீனமான கணக்காளர் நாயகம் பதவி உருவானது. அவர் மந்திரிக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்ல, பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். 2004 இல் அப்பதவியில் இருந்த ஷீலா பிரேசர் கொடுத்த அறிக்கை, கியூபெக்கில் விளம்பரம் என்ற பெயரில் அரசாங்கக் காசு எப்படிப் போனது என்பதை வெளியே கொண்டுவந்தது. அன்று இருந்த அரசாங்கமே ஆடிப்போனது.

கோடீஸ்வரனுக்குப் பிரிவிக் கவுன்சில் தீர்ப்புச் சொன்ன அதே 1969 இல் கனடா ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் அரச கரும மொழிகளாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கந்தோர்கள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்த்துப் பாராளுமன்றத்துக்குச் சொல்ல ஒரு மொழி ஆணையாளரையும் வைத்தது. ஒரே வருடத்தில் இரண்டு நாடு. எங்களுக்குச் சமஷ்டி என்ற சொல்லே சண்டைக்குரிய சொல்லாக இருந்தது. இங்கே அதற்குள்தான் குடியிருக்கிறோம்.

ஏழு பேர் திறந்த கதவு

இன்று நீங்கள் அகதிக் கோரிக்கைக்காக ஒரு விசாரணைக்குப் போய், உங்கள் வாயாலேயே உங்கள் கதையைச் சொல்கிறீர்கள். மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். பக்கத்தில் சட்டத்தரணி இருக்கிறார். இது ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று நினைக்க வேண்டாம்.

1980 களின் நடுப்பகுதி வரை நடந்தது வேறு. ஒரு குடிவரவு உத்தியோகத்தர் உங்களிடம் கேள்வி கேட்பார். பதில்கள் ரைப் செய்யப்பட்டு ஒட்டாவாவுக்குப் போகும். அங்கே ஒரு ஆலோசனைக் குழு தாளைப் பார்த்து ஆலோசனை சொல்லும். மந்திரியின் பெயரால் முடிவு வரும். முடிவு எடுப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

ஹர்பஜன் சிங் என்பவரும் வேறு ஆறு பேரும் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஒருவன் சொல்வதை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், அவனை நேரில் கேட்காமல் முடிவெடுக்க முடியாது என்றது நீதிமன்றம். உரிமைச் சாசனத்தில் 'ஒவ்வொருவரும்' என்று இருப்பது பிரஜைகளை மட்டும் குறிக்காது, கனடிய மண்ணில் நிற்கும் எல்லோரையும் குறிக்கும் என்று நீதிபதி பேர்த்தா வில்சன் எழுதினார். செலவு கூடும், நேரம் போகும் என்று அரசாங்கம் சொன்ன சாட்டு எடுபடவில்லை. அதனால்தான் ஏப்ரல் 4 இங்கே அகதிகள் உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது. அடுத்த வருடம், 1986 ஆகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்து வந்தார்கள். எங்கள் சனத்துக்கு அந்தத் தீர்ப்பு வேளைக்கு வந்த தீர்ப்பு.

அதன் விளைவாக 1989 ஜனவரி 1 ஆம் திகதி குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. இங்கே ஒரு விசயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். உங்களை விமான நிலையத்தில் கேள்வி கேட்பவர், விரல் அடையாளம் எடுப்பவர், நாடு கடத்துபவர் எல்லோரும் அரசாங்கத் திணைக்களங்களின் உத்தியோகத்தர். அவர்கள் மந்திரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். உங்கள் கதையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் சபை உறுப்பினர் அப்படியல்ல. இன்னாருக்குக் கொடு, இன்னாருக்குக் கொடுக்காதே என்று மந்திரி அவருக்குச் சொல்ல முடியாது. சில விசாரணைகளில் மந்திரி தன் பிரதிநிதியை அனுப்பி உங்கள் கோரிக்கைக்கு எதிராக வாதாடலாம். அப்போது மந்திரியும் உங்களைப் போல ஒரு தரப்புத்தான்.

2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது எங்கள் சனம் இதை நேரில் பார்த்தது. எல்லோரையும் தடுத்து வைத்தார்கள். எல்லைச் சேவைகள் முகவரகம் அவர்களைத் தொடர்ந்து உள்ளே வைத்திருக்கக் கேட்டது. ஆனால் தடுப்பில் இருப்பவரின் விசயத்தை 48 மணித்தியாலத்துக்குள், பிறகு 7 நாளுக்குள், பிறகு 30 நாளுக்கு ஒருமுறை சபை உறுப்பினர் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஒருவர் ஒருவராக விடுதலை உத்தரவுகள் வந்தன. அரசாங்கத் தரப்பு சிலவற்றை எதிர்த்துச் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனது. அரசாங்கமே தன் சபையின் உத்தரவை எதிர்த்து நீதிமன்றத்தில் வரிசையில் நிற்கிறது! ஊரில் இருந்து வந்த எனக்கு இது புதினமாக இருந்தது.

சபையும் தவறு விடாத இடம் அல்ல. நீண்ட காலம் அகதிக் கோரிக்கைகளைக் கேட்கும் அதன் உறுப்பினர்கள் மந்திரிசபையால் நியமிக்கப்பட்டார்கள். கட்சிக்கு வேண்டியவர்கள் வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. முதலில் இரண்டு உறுப்பினர் சேர்ந்து கேட்டார்கள், ஒருவர் நம்பினாலும் போதும் என்று இருந்தது. 2002 இலிருந்து ஒருவர் மட்டும்தான். 2012 டிசெம்பரில் இருந்து முதற்கட்ட உறுப்பினர்கள் அரசாங்க சேவைக்குரிய தெரிவு முறையில் எடுக்கப்படுகிறார்கள், அவர்களுக்கு மேலே அகதி அப்பீல் பிரிவும் வந்தது. அதற்கு முன், ஹங்கேரியில் இருந்து வந்த ரோமா மக்களின் வழக்குகளைக் குறைப்பதற்காக 1998 இல் ஒரு 'முன்னோடி வழக்கு' ஒழுங்கு செய்யப்பட்டது என்ற முறைப்பாடு சமஷ்டி அப்பீல் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஏற்பாட்டைப் பார்க்கும் நியாயமான ஒருவருக்குச் சபை பக்கம் சாய்ந்ததோ என்ற ஐயம் வரும் என்று 2006 இல் நீதிமன்றம் சொன்னது. கேட்பவருக்கும் மேலே ஒரு கேட்பார் இருந்தார்.

ஒரு வேலைக்காரத் தாயின் கோப்பு

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு மேவிஸ் பேக்கர் என்ற ஜமெய்க்காப் பெண்ணின் வழக்கு. 1981 இல் கனடாவுக்கு வந்து, வீட்டு வேலைக்காரியாகப் பதினொரு வருடம் உழைத்தவர். விசா இல்லை. இங்கே நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். பிறகு மனநோய் வந்தது. 1992 இல் நாடு கடத்தல் உத்தரவு வந்தது. மனிதாபிமான அடிப்படையில் இருக்க விடுங்கள் என்று விண்ணப்பித்தார். இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. காரணம் ஒன்றும் எழுதவில்லை.

அவருடைய சட்டத்தரணி விடவில்லை. காரணத்தைக் கேட்டார். உத்தியோகத்தர் கோப்பில் எழுதி வைத்த குறிப்புகள் கைக்கு வந்தன. அதைப் படித்தவர்களுக்குத் தெரிந்தது: அந்த மனிதர் பேக்கரின் பிள்ளைகளின் எண்ணிக்கையையும், அவருடைய நோயையும், வீட்டு வேலை மட்டும் தெரிந்தவர் என்பதையும் ஒரு கோபத்தோடு எழுதியிருந்தார். 1999 ஜூலை 9 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. உத்தியோகத்தர் பக்கச்சார்பு இல்லாமல் இருக்க வேண்டும், பிள்ளைகளின் நலனைக் கவனமாக எண்ணிப் பார்க்க வேண்டும், முக்கியமான முடிவு என்றால் காரணம் கொடுக்க வேண்டும் என்றது. வேறு ஒரு உத்தியோகத்தர் புதிதாகப் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

கவனியுங்கள். அந்தத் தாய்க்கு ஒட்டாவாவில் ஒருவரையும் தெரியாது. மந்திரியின் கடிதம் இல்லை. அவரைக் காப்பாற்றியது கோப்பில் இருந்த எழுத்து.

என் கோப்பில் என்ன இருந்தது?

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர், நான் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்புக்குப் போன இடத்தில் உதவி செய்த ஒரு அக்கா. "தம்பி, ஆளைத் தேடாதையும். கோப்பைத் தேடும்" என்றார்.

தகவல் பெறும் சட்டம் என்று ஒன்றும், தனிநபர் இரகசியச் சட்டம் என்று இன்னொன்றும் இங்கே 1983 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. சமஷ்டிக் கந்தோரில் உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கலாம். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் கேட்க 5 டொலர். இரகசியச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றி நீங்களே கேட்டால் அதுவும் இல்லை. மனைவியிடம் சம்மதக் கையொப்பம் வாங்கி, அக்காவின் உதவியோடு படிவத்தை நிரப்பி, ஐந்து டொலர் கட்டினேன். எண்ணூறு எங்கே, ஐந்து எங்கே!

முப்பது நாள் என்பது சட்டம். எனக்கு ஐம்பது நாளுக்கு மேல் எடுத்தது. கடைசியில் தாள்கள் வந்தன. பாதி சுருக்கெழுத்து. அக்காவும் நானும் நூலகத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். ஒரு இடத்தில் அக்காவின் விரல் நின்றது. நான் ரெலிபோன் எடுத்த நாள், நேரம், புதிய முகவரி எல்லாம் அங்கே எழுதப்பட்டிருந்தது. அதற்கு ஐந்து கிழமைக்குப் பிறகு பத்திரம் கேட்டு அனுப்பிய கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தது. அதுவும் அங்கேயே எழுதப்பட்டிருந்தது.

யாரும் என்னைப் பழிவாங்கவில்லை. என் குரலை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அந்த நூலகத்தில் அழுகை வந்துவிட்டது. எட்டு மாதம் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

அந்த இரண்டு தாளையும் பிரதி எடுத்து, ஒரு பக்கக் கடிதம் எழுதி, கோப்பைத் திரும்பத் திறக்கும்படி கேட்டோம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஏழு கிழமையில் திறந்தார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. ஆனால் பதினான்கு மாதத்தில் மனைவி பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். இப்போது மகளுக்கு நான்கு வயது.

எந்தக் கதவைத் தட்டுவது?

புதிதாக வந்தவர்களுக்காகச் சிலவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். உங்கள் விசயத்துக்குச் சட்டத்தரணியிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

1. கடிதத்தை அன்றைக்கே உடையுங்கள். எல்லாவற்றுக்கும் தவணை உண்டு. அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டால், அப்பீல் செய்யும் உரிமை உள்ளவர்கள் எழுத்தில் காரணம் கிடைத்து 15 நாளுக்குள் அகதி அப்பீல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். குடிவரவு விசயத்தில் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போவதானால், கனடாவுக்குள் எடுத்த முடிவுக்கு 15 நாள், வெளியே எடுத்த முடிவுக்கு 60 நாள். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அழைத்தவர் சபையின் குடிவரவு அப்பீல் பிரிவுக்குப் போக 30 நாள். வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் மறுக்கப்பட்டால் திரும்பப் பார்க்கும்படி கேட்க 30 நாள். அதற்குப் பிறகும் அப்பீல் உண்டு. பிள்ளைகள் பணம், வருமான வரி விசயத்தில் ஆட்சேபனை தெரிவிக்க 90 நாள்.

2. காரணம் கேளுங்கள், கோப்பைக் கேளுங்கள். கந்தோர் தகவலைத் தராவிட்டால் அல்லது இழுத்தடித்தால் தகவல் ஆணையாளரிடமோ, தனிநபர் இரகசிய ஆணையாளரிடமோ முறையிடலாம். அதற்குக் காசு இல்லை. இந்த ஆணையாளர்கள் மந்திரிக்கு அல்ல, பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர்கள்.

3. உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் கந்தோர் எல்லோருக்கும் பொது. வாக்கு இல்லாதவரும் போகலாம். கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள். ஆனால் முடிவை மாற்றும்படி உத்தரவிட முடியாது. அகதிகள் சபை உறுப்பினரோடு உங்கள் வழக்கைப் பற்றிக் கதைக்கவும் கூடாது. அப்படிச் செய்து தருகிறேன் என்று யாரும் சொன்னால் அவர் உங்கள் காசைத்தான் பார்க்கிறார்.

4. ஒன்ராறியோவில் 1975 முதல் ஒம்புட்ஸ்மன் என்ற முறைப்பாட்டு அதிகாரி இருக்கிறார். அவர் பார்ப்பது மாகாண, நகரசபை விசயங்களை. குடிவரவு, வரி போன்ற சமஷ்டி விசயங்களை அவர் பார்க்க மாட்டார். வரித் திணைக்களத்தின் சேவை பற்றி முறையிடத் தனியாகச் சமஷ்டி ஒம்புட்ஸ் ஒருவர் இருக்கிறார்.

5. படிவம் நிரப்பக் காசு வாங்குபவர் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள். 2021 நவம்பர் முதல் குடிவரவு ஆலோசகர்களுக்கு ஒரு கல்லூரி என்ற பெயரில் ஒழுங்குபடுத்தும் அமைப்பு இருக்கிறது. அதன் பதிவேட்டில் யாரும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வசதி இல்லாதவர்கள் ஒன்ராறியோ சட்ட உதவியைக் கேளுங்கள்.

6. ரெலிபோனில் கதைத்தால் நாள், நேரம், கதைத்தவரின் இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். முகவரி மாற்றத்தை எழுத்திலும் அனுப்புங்கள். நான் விட்ட பிழை இதுதான்.

குறைகளும் உண்டு

இங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். கோப்புகள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. சமஷ்டி நீதிமன்றம் குடிவரவு வழக்கை எடுப்பதற்கே முதலில் அனுமதி கேட்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு அது கிடைப்பதில்லை. எல்லைச் சேவைகள் முகவரகம் 2003 டிசெம்பரில் உருவானது. மக்களைப் பிடிக்கவும் தடுத்து வைக்கவும் அதிகாரம் உள்ள அந்த முகவரகத்தின் மேல் பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்க வெளியே சுயாதீனமான அமைப்பு ஒன்று இருக்கவில்லை. தடுப்புக் காவலில் ஆட்கள் இறந்தும், கேள்விகள் எழுந்தும், 2024 அக்டோபர் கடைசியில்தான் அதற்கான சட்டம் நிறைவேறியது. இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. கேட்பார் தானாக வருவதில்லை. சனம் கேட்டபடியால்தான் வருகிறார்.

இன்னொன்று. உத்தியோகத்தர் சுயாதீனமாக இருப்பதும் அவரை ஒருவர் மேற்பார்வை செய்வதும் எதிரெதிர் விசயம் போலத் தெரியும். எனக்கும் முதலில் குழப்பமாக இருந்தது. பிறகு எங்கள் தொழிற்சாலையை வைத்து யோசித்தேன். சாமானின் தரத்தைப் பார்ப்பவர் முதலாளியின் அவசரத்துக்குப் பயந்து பழுதான சாமானை விடக் கூடாது. அது சுயாதீனம். ஆனால் அவர் எதை விட்டார், எதைத் தள்ளினார், ஏன் என்று தாளில் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். பிறகு வருபவர் பார்க்க வேண்டும். அது மேற்பார்வை. இரண்டும் இருந்தால்தான் நல்ல சாமான் வெளியே போகும். ஊரில் 1972 க்குப் பிறகு முதலாவதைப் பறித்தார்கள், இரண்டாவது தானாகவே போய்விட்டது.

அம்மப்பா இப்போது இல்லை. கோடீஸ்வரன் வழக்கில் தோற்றாரா வென்றாரா என்று சின்ன வயதில் ஒருமுறை அவரிடம் கேட்டேன். "வழக்கை வெல்ல விடேல்லை மேனே. ஆனால் கேட்டவன் ஒருத்தன் இருந்தான் எண்டு எழுத்திலை இருக்கு" என்றார்.

அடுத்த முறை கொடி போட்ட கடித உறை வரும்போது அலுமாரிக்குள் வைக்காதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், திகதியைக் கலண்டரில் குறியுங்கள், விளங்காவிட்டால் விளங்கியவரிடம் போங்கள். அதை எழுதியவரும் எங்களைப் போல ஒரு வேலையாள்தான். அவருக்கும் மேலே கேட்பார் உண்டு. கேட்பதற்கு நாங்கள் தயாராக இருக்க வேண்டும்.